டிக்கெட் வைத்திருப்பவரைக் கடலில் இறக்குவதில்லை

காற்றை விற்றுப் பிழைக்கிறவன் நான். சைக்கிள் கடை என்று நினைத்துவிட வேண்டாம். இரும்புச் சிலிண்டரில் காற்றை இறுக்கி அடைத்து, அதை ஆட்களின் முதுகில் கட்டி, கல்முனைக் கடலுக்குள் இறக்கி, மறுபடி உயிரோடு மேலே கொண்டுவருவது என் தொழில். யுத்த காலத்தில் வர்ண மீன் பிடிக்கிறவர்களுக்குக் காற்று அடித்துக் கொடுத்தேன், அதுவும் கடற்படை பாஸ் தந்த நாட்களில் மட்டும். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு வந்தவர்கள் வேறு ரகம். பென்சன் எடுத்தவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள், இனித்தான் உலகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று புறப்பட்டவர்கள். இவர்கள் அத்தனை பேரின் சட்டைப் பையிலும் ஒரு விமான டிக்கெட் இருக்கும். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

ஏனென்றால் ஆழத்தில் இழுத்த காற்று உடம்பில் ஊறி நிற்கும். குறைந்தது ஒரு முழு நாளாவது தரையில் இருந்து அது அடங்கவேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தலைப் போல இரத்தத்துக்குள் நுரைத்துவிடும். ஆளை முடக்கும், சில வேளை முடிக்கும். ஆகவே நாளைக்குப் பறக்கிறவரை இன்றைக்கு இறக்கமாட்டேன். இதைச் சொல்லி நான் கேட்ட ஏச்சுக்கு அளவில்லை. வான் ஓட்டுகிற, அறை வாடகைக்கு விடுகிற சகோதரர்களே, அடுத்தவரின் பயணத் திட்டத்துக்குள் அகப்பட்டு விழி பிதுங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் பங்கையும் கேளுங்கள்.

கடைசி நாள் கடலுக்கு

பாண்டிருப்பில் பிறந்து கனடாவில் கிழவனான ஒருவர், சண்டை முடிந்த மறுவருடம் மனைவியோடு வந்தார். அங்கே முறைப்படி டைவிங் படித்தவர், அட்டையெல்லாம் வைத்திருந்தார். திருக்கோவிலில் நேர்த்திக்கடன், மச்சாள் வீட்டு விருந்து, யாரோ ஒருவரின் காணி வழக்கு என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, கடலை மட்டும் கடைசி நாளுக்கு வைத்திருந்தார். விமானம் மறுநாள் விடியற்காலை. ஏலாது என்றேன்.

அவர் மணலில் குந்திவிட்டார். கனடாவில் இதைப் படித்ததே இந்தக் கடலுக்குள் ஒரு தடவை இறங்கத்தான் என்றார். டிக்கெட்டைத் தள்ளிப் போடலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா குடையை மடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்க இவர இறக்கினாலும் சரி, இறக்காட்டியும் சரி. நான் தனியப் பயணம் போய்ப் பழகின ஆள்."

கீழே ஓர் ஊர்

இது அதற்கு முந்திய கதை. சுனாமி அடித்துச் சில வாரம் கழித்து, கடலில் கிடக்கிற மையித்துகளை, அதாவது சடலங்களை, தேடுவதற்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சிலிண்டர் கட்டத் தெரிந்தவர்கள் ஊரில் சிலர்தான். இறங்கினோம். மையித்து ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் சாமான். தையல் மெஷின், அம்மி, ஒரு பிள்ளையின் தொட்டில் கம்பி. கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஐந்து பாக ஆழத்தில், முப்பது அடி இருக்கும், தூணோடு பிடுங்கி வந்த ஓர் இரும்பு வாசல் கேற். பிறையும் நட்சத்திரமும் வைத்து ஒட்டியது. ஒரு கல்லில் சாய்ந்து, நிமிர்ந்தே நின்றது. நட்சத்திரத்தின் ஒரு முனை இல்லை.

அன்று மேலே வந்து நான் அழுதேன். ஆளைக் கண்டிருந்தால் அழுதிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். என் போட்டை ஓட்டுகிற சின்னராசா, என்னை அண்ணன் முறையில் காக்கா என்கிறவன், தண்ணீரைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "கீழயும் நம்மட ஊர் ஒண்டு இருக்கு காக்கா. அங்க ஆக்கள்தான் இல்ல."

எழுபதை எட்டிப் பிடிக்கிற மாணவர்

அந்தக் கேற்றைப் பற்றித் தேத்தண்ணிக் கடையில் நான் எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். சண்டை முடிந்த பிறகு ஒரு நாள் உதுமாலெப்பைக் காக்கா வந்து நின்றார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வான்கதவு திறந்து மூடிப் பென்சன் எடுத்தவர். குளத்தில் நீந்தத் தெரியும், கடலுக்குள் கால் வைத்தது குறைவு. தனக்கு டைவிங் பழக்கவேண்டும் என்றார். இந்த வயதில் வெளிநாட்டுக்காரன் செய்கிற கூத்தெல்லாம் நமக்கு எதற்கு என்று சின்னராசா சிரித்தான்.

நட்சத்திரத்தில் எந்த முனை இல்லை என்று காக்கா கேட்டார். இடப்பக்கம் என்றேன். லொறி இடித்து உடைந்தது என்றார். அலை அவர் வீட்டையும் மனைவி றகுமத்தும்மாவையும் சேர்த்தே கொண்டுபோயிருந்தது. மையித்து அகப்படவில்லை, போய் நிற்க ஒரு கபுறும் இல்லை. "நல்லவ. கோவம் வந்தா மட்டும் வாய் திறக்கமாட்டா, கேற்றடியில போய் நிண்டு ரோட்டப் பாத்திட்டிருப்பா" என்று சொல்லி நிறுத்தினார். இடுப்பளவு தண்ணீரில் பழக்கத் தொடங்கினேன். காது அவரைப் படாத பாடு படுத்தியது. மூக்கைப் பொத்தி ஊதுங்கள் என்றால் கண்ணில் தண்ணீர் வர ஊதுவார். மீன் காட்டும் ஆசையில் கொஞ்சம் பவளப் பாறைப் பக்கம் கூட்டிப் போகவா என்று ஒருநாள் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நான் மீன் பாக்க வரல்ல மகன். என்ட வாசலுக்குப் போக வந்தன்."

கடல் எங்கே போகும்

எங்கள் கடல் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் தெளிந்திருக்கும். அந்த மாதங்களைப் பார்த்துத்தான் அவருடைய பிள்ளைகளுக்கும் வாப்பாவின் நினைப்பு வரும். கட்டாரில் இருந்த மகன் விசா அனுப்பினான். திரும்பி வந்தால் அக்குறணையில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளைப்பேறு. அது முடிந்தால் இறக்காமத்து வயலில் யானை.

இரண்டு சீசன் இப்படியே போனது. பழகின பாடம் மறந்து, ஒவ்வொரு தடவையும் இடுப்புத் தண்ணீரில் இருந்து தொடங்குவோம். காது மறுபடி வலிக்கும். பெயர் எழுதி ஒட்டிய அவருடைய சிலிண்டரை நான் அவ்வப்போது திறந்து, பழைய காற்றை விட்டுவிட்டுப் புதிது அடித்து வைப்பேன். நான் போனில் கோபித்தால் அவரிடம் ஒரே பதில்தான்: "கடல் எங்க மகன் போகப்போகுது?"

மாப்பு

பிறகு அவருக்கு ஹஜ் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் அதற்கு முன் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மாப்புக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். மாப்புக் கேட்காமல் போனால் போன காரியம் நிறையாது என்பார்கள். காக்காவும் வெள்ளை உடுப்போடு தெருத் தெருவாய்ப் போனார். சண்டைக்காரன் வீட்டுக்கும் போனாராம். கடைசியாக என் கடற்கரை வாடிக்கு வந்தார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு விமான நிலையத்துக்கு வான் புறப்படுகிறது, மறுநாள் விடிய சுபஹோடு விமானம்.

"எல்லாருக்கிட்டயும் கேட்டுட்டன். இனி ஒராள்தான்" என்றார். சுனாமிக்கு முதல்நாள் றகுமத்தும்மா, இறக்காமத்தில் இருக்கிற தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார். பசளை எறிந்துவிட்டு நாளைக்குப் போவோம் என்று இவர் தள்ளிப் போட்டிருக்கிறார். "விடிய நான் வயலுக்குப் போகக்குள்ள, அவ கேற்றடியில கதையாம நிண்டா. நானும் கதைக்கல்ல."

ஏலாது காக்கா, விமானம் இருக்கிறது என்றேன். அவருக்கான துஆப் பிரார்த்தனையை மக்காவில் நின்று கேளுங்கள், அதைவிடப் பெரிய இடமா என்றேன். "துஆ எங்க நிண்டும் கேக்கலாம் மகன். மாப்பு வாசலுக்குப் போய்த்தான் கேக்கோணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடம் கூப்பிடக் கூப்பிட வராமல், ஆற்று வெள்ளம் கடலைக் கலக்கிய மாதத்தில் வந்து நிற்கிறாரே என்று. அப்போது அவர் மெல்லச் சொன்னார், ஏலாதவனுக்காக இன்னொருவன் பதில் ஹஜ் செய்யலாம் அல்லவா, அதுபோல நீ போய்க் கேள் என்று. மார்க்கத்தில் அதற்கு இடமுண்டோ இல்லையோ, அந்த முகத்துக்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

வெள்ளை உடுப்போடு அவரைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் மட்டும் இறங்கினேன். கை நீட்டினால் கை தெரியாத கலங்கல். நங்கூரக் கயிற்றைப் பிடித்துத் தடவித் தடவித்தான் கேற்றைக் கண்டுபிடித்தேன். உடைந்த நட்சத்திரம் விரலில் தட்டியது. ரப்பரைக் கவ்விய வாயால் என்னத்தைக் கேட்பது? கத்தியின் பிடியால் கேற்றில் தட்டினேன், ஊரில் வீட்டுக்காரரைக் கூப்பிடத் தட்டுவது போல. மனதுக்குள் ஸலாம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றேன்.

மேலே வந்ததும் காக்கா குனிந்து, "என்ன சொன்னா?" என்று கேட்டார். அவர் முகத்தில் ஒரு விளையாட்டும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிற மனிதரிடம் பொய் சொல்ல என் நா எழவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். "இன்னும் கோவம்தான். கோவமெண்டா அவ கதைக்கமாட்டா."

திரும்பி வந்தவர்

சம்சம் தண்ணீரும் ஈத்தம்பழமும் கொண்டுவந்து தந்தார். இப்போது ஹாஜியார். வரும் சித்திரையில் தானே இறங்குவதாகவும், மகன் எந்த டிக்கெட் அனுப்பினாலும் கிழித்துப் போடுவதாகவும் சத்தியம் செய்தார். சொன்னபடி டிக்கெட்டைக் கிழித்துவிட்டுச் சித்திரையில் வந்தும் நின்றார். ஆனால் மக்காவில் ஒருமுறை மயங்கி விழுந்திருந்தார். அதனால் சான்றிதழ் கொண்டுவராமல் இறக்கமாட்டேன் என்றேன். டொக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இனிமேல் ஆழத்துக்கு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதைச் சொல்லக் காக்கா வந்த அன்று கடல் குளம்போலக் கிடந்தது. அப்படித் தெளிந்த நாளை நான் பிறகு கண்டதில்லை. தன் பெயர் ஒட்டிய சிலிண்டருக்குப் பக்கத்தில் காக்கா நெடுநேரம் இருந்தார். சின்னராசா கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. எழும்பும்போது சொன்னார்: "மக்காவுக்குப் போய் வந்துட்டன் மகன். என்ட வாசலுக்குப் போக ஏலாமப் போச்சு."

அவர் சொன்னது சரிதான், கடல் எங்கேயும் போகவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டே இருந்தது நாங்கள்தான்.