பால் ஆடை கட்டும் முன்னே ஊற்றிய சிவப்பு

கடல்பாசி இனிப்புக்கு நேரம் தெரிய வேண்டும். காய்ச்சிய பாசியில் ஒரு நிறத்தைத் தட்டில் ஊற்றி, அது ஆடை கட்டும்வரை இருந்து, அதன்மேல் அடுத்த நிறத்தை ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் இரண்டும் கலங்கும். அசந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வெட்டும்போது மேலடுக்கு தனியே வழுக்கிக்கொண்டு போகும். அந்த நடு நேரம் அம்மாவின் விரல் நுனியில் இருந்தது. லேசாகத் தொடுவாள். பிசுக்கென்று பிடிக்க வேண்டும், தடம் விழக் கூடாது. “ம், இப்ப ஊத்து.”

நோன்புப் பெருநாள் காலையில் எங்கள் தெருவில் பிரியாணிக்கு முன்னால் கடல்பாசித் தட்டுகள்தான் வீடு வீடாகக் கிளம்பும். வெள்ளை, சிவப்பு, பச்சை, மறுபடி வெள்ளை. சாய்சதுரத் துண்டுகள். வெயில் பட்டால் உள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருக்கும்.

அத்தா இறந்த வருஷம், தொண்ணூறுகளின் கடைசியில், பெருநாள் தைப் பனியில் வந்தது. கணவனை இழந்தவள் வெளியே போகாமல் இருக்க வேண்டிய இத்தா மாதங்கள் அம்மாவுக்கு முடிந்திருந்தன. இனி வண்ணச் சேலை கட்டலாம். அவள் கட்டவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

அத்தாவின் அக்கா, எங்கள் மாமி, செம்பட்டியிலிருந்து துணைக்கு வந்திருந்தாள். கடைசி நோன்பன்று மதியம் அம்மா பாசியை அடுப்பில் ஏற்றியதும் மாமி வந்து நின்றாள்.

“பாலு மட்டும் ஊத்தும்மா. கலரு வேணாம். மார்க்கம் ஒண்ணும் சொல்லல, எனக்கும் தெரியும். தெரு சொல்லும். புருசன் போயி வருசம் திரும்பல, செவப்பும் பச்சையுமா தட்டு அனுப்புறா பாருன்னு உன்னத்தான் பேசும். என்னைய இல்ல.”

அம்மா பாதியை எடுத்துப் பால் கலந்து தட்டுகளில் ஊற்றினாள். மாமி அசர் தொழ உள்ளே போனாள்.

நாலாம் வகுப்புப் படித்த என் தங்கை தட்டுகளின் பக்கத்தில் குந்திக்கொண்டு வெகுநேரம் முறைத்தாள்.

“ஆஸ்பத்திரி செவரு மாதிரி இருக்கு.”

“வாய மூடுடி,” என்றேன்.

“இதக் குடுத்தா, யாருக்கு ஒடம்பு சரியில்லன்னுதான் கேப்பாங்க.”

அம்மா சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு அது. அவளுக்கே அது பழகாத சத்தமாக இருந்ததோ என்னவோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தபோது எது எதிலிருந்து வந்தது என்று எங்களால் பிரிக்க முடியவில்லை.

அடுத்த நிமிடம் எழுந்தாள். போன வருஷத்து மிச்சமாக அலமாரியில் கிடந்த சிவப்புப் பொடியை அடுப்பிலிருந்த மீதிப் பாசியில் தட்டினாள், கலக்கினாள். விரல் வைத்துப் பார்க்கவில்லை.

“அம்மா, ஆடை கட்டலம்மா.”

“தெரியும்.”

ஊற்றினாள். சிவப்பு மேலே நிற்காமல் பாலுக்குள் இறங்கியது. ஓரங்களில் இளஞ்சிவப்பு, நடுவில் திட்டுத்திட்டாகச் செம்மண் வெள்ளம். அத்தனை வருஷம் கோடு போட்டாற்போல் அடுக்கியவள் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் வருத்தமே இல்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொறுமை நிறைய இருக்கும் என்று நாம் எப்படியோ நம்பிவிடுகிறோம். காத்திருந்து காத்திருந்து அலுத்த ஒருத்தியை நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

தொழுத துப்பட்டியோடு மாமி வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். தங்கை என் பின்னால் ஒதுங்கினாள்.

“இம்புட்டு வருசமா ஊத்துறவ. செத்த நேரம் பொறுக்கக் கூடாதா?” என்றாள் மாமி. “எந்தம்பி இருந்தா இதச் சொல்லிக் கேலி பண்ணியே ஒரு வாரம்…” திரும்பி உள்ளே போய்விட்டாள். நோன்பு திறக்கும்வரை வெளியே வரவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை.

பெருநாள் காலையில் நான் எழுந்தபோது மாமி குளித்து முடித்து, துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். தட்டில் அடுக்கி, மேலே துணி மூடி, என் கையில் கொடுத்தாள்.

“மொதல்ல எதுத்த வீட்டுக்கு. யாரு செஞ்சதுன்னு கேட்டா மாமின்னு சொல்லு.” நான் வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது: “கேக்காட்டியும் சொல்லு.”

எதிர்வீட்டு அக்கா துணியை விலக்கி அந்தக் கலங்கலைப் பார்த்தாள்.

“உங்கம்மா சாப்டாங்களாடி?” என்று மட்டும் கேட்டாள்.

“மாமி செஞ்சதுக்கா,” என்றேன்.