லோரி அண்ணனின் கைகள்

பனிமூட்டத்துக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் ஒருமுறை எரிந்து அணையும். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடியும் எரிந்து அணையும். மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் என் காலைகள் அப்படித்தான் தொடங்கின. வாசலில் நின்றால் எதிரே இருக்கும் சாலை தெரியாது. சாலைக்கு அப்பால் ஒரு தேயிலை மேடு இருப்பதே மதியத்துக்கு மேல்தான் நினைவுக்கு வரும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து விளக்குகள் இரண்டு முறை சிமிட்டினால் லோரி அண்ணன் வந்துவிட்டார் என்று பொருள். எஸ்டேட்டில் பறித்த கொழுந்தை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரி அவருடையது. அன்றைய முதல் நடைக்கு முன்னால் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பள்ளி விட்டதும் அதே சிமிட்டலோடு வந்து கூட்டிப்போவார். மலையில் மற்ற வண்டிகளெல்லாம் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது இவர் மட்டும் ஏன் விளக்கைப் போட்டு அணைக்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "ஹாரன் அடிச்சா என் புள்ளைக்கு எப்படி டீச்சர் தெரியும்? வெளக்குனா அவளுக்குத் தெரியும் லா" என்று சிரித்தார்.

அவர் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பள்ளி முடியும் நேரத்தில் வகுப்பு ஜன்னலில் மூக்கு ஒட்ட நின்றுகொண்டிருப்பாள். பனிக்குள் விளக்கு சிமிட்டியதும் என் பக்கம் திரும்பி, நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளையும் மூடி, விரல்களைப் படக்கென்று விரித்து, மறுபடி மூடி விரிப்பாள். அவர்கள் வீட்டுப் பேச்சில் அதற்கு 'வந்துட்டேன்' என்று பொருள். அப்பா வந்தாலும் அதுதான், அவள் பள்ளிவிட்டு எஸ்டேட் லயத்து வீட்டுக்குள் நுழைந்தாலும் அதுதான். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் புத்தகத்தில் அப்படி ஒரு சைகை கிடையாது.

கீழே கிள்ளான் வெயிலில் வளர்ந்தவள் நான். இந்த மலைக் குளிரில் என் மூக்குக்கண்ணாடி மங்காத நாளும் இல்லை, மூக்கு ஒழுகாத நாளும் இல்லை. காது கேளாத சிறு பிள்ளைகளுக்குச் சைகை மொழி கற்பிக்கப் பயிற்சி முடித்து, சான்றிதழின் மை காய்வதற்குள் மேலே வந்துவிட்டேன். வகுப்பில் ஐந்தே பிள்ளைகள். முதல் வாரம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பாடம் நடத்தினேன். ஐவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்களே தவிர ஒருவரும் திருப்பிச் செய்யவில்லை. கடைசியில் லோரி அண்ணனின் மகள்தான் எழுந்து வந்து என் சட்டைக் கையைப் பிடித்து வெளிச்சம் என் மேல் விழும்படி திருப்பி நிறுத்தினாள். அதுவரை நான் அவர்களுக்கு வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரிந்திருக்கிறேன்.

அந்த முதல் ஆண்டின் வகுப்பை இப்போது நினைத்தாலும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ இருந்த அறையாகத்தான் தோன்றுகிறது. குளிருக்குக் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டால் எங்கள் வகுப்பில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் பாடம் தொடங்குவதற்கு முன் ஒருவர் கையை ஒருவர் தேய்த்துச் சூடாக்குவோம். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் பலகைத் தரையைக் காலால் தட்டுவேன். அதிர்வு பாதத்தில் ஏறி ஐந்து முகங்களும் ஒன்றாகத் திரும்பும். பனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே நுழையும் நாட்களில் கடைசி மேசையில் இருப்பவர்களின் கைகள் மங்கிவிடும். எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்துகொள்வோம். கூரையில் மழை கொட்டுகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், என் மூக்கு உறிஞ்சும் சத்தம் எல்லாம் எனக்கு மட்டுமே கேட்டன. சில நாட்களில் அது எனக்கே தனிமையாக இருந்தது.

மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே லோரி அண்ணனின் மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டாராம். அதற்குப் பிறகு லயத்து வீட்டில் அவர்கள் இருவர்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இருவரும் தங்களுக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். விரல் நுனிகளால் காற்றைக் கிள்ளினால் கொழுந்து. இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளை உதறுகிற மாதிரி காட்டினால் மழை. இடுப்பில் கை வைத்து மூக்கை மேலே தூக்கினால் துரை. ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும்போது அவரால் பேச முடியாது என்பதால், சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் சேர்த்து வைத்துக்கொண்டு லோரி நிற்பதற்காகக் காத்திருப்பாள். வண்டி நின்றால் இரண்டு பேரின் கைகளும் எழும்பிவிடும்.

அந்தப் பேச்சைத்தான் நான் நிறுத்தினேன். ஒரு பொருளுக்கு ஒரு சைகைதான் இருக்க வேண்டும், வீட்டுச் சைகை கலந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்று நான் அப்போது உறுதியாக நம்பினேன். அவரைப் பள்ளிக்கு வரச் சொன்னேன். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "அண்ணே, வீட்ல நீங்க காட்டுற சைகைலாம் இனிமே வேணாம். இங்க படிக்கிறதுதான் சரியான பாஷை" என்றேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிங்க டீச்சர். என் கைக்குப் படிப்பு இல்ல. புள்ளையோட கையாச்சும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெற்றோருக்குப் புரிய வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பள்ளிச் சைகையை அவருக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை. துரை சொன்னால், கணக்கு எழுதும் கிராணி சொன்னால், திருப்பிக் கேள்வி கேட்கிற பழக்கம் எஸ்டேட்டில் இல்லை. டீச்சர் சொன்னாலும் அப்படித்தான். கொஞ்சம் குறைத்துக்கொள்வது, தெரியாமல் செய்வது என்றெல்லாம் அவருக்கு வராது. சொன்னதை முழுசாகச் செய்தார்.

முதலில் மகள் வேகமாகப் படித்தாள். பிறகு மெல்ல மந்தமானாள். ஜன்னலுக்குப் போவது நின்றது. விளக்கு சிமிட்டினால் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் நடந்துவிடுவாள். குளிராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம் தவறு நம் கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிகிறதா என்ன!

மலையில் விளக்கைத் தேடி வரும் பெரிய விட்டில்கள் காலையில் நடைவழியில் உயிரற்றுக் கிடக்கும். ஒருநாள் அதில் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்து, செத்துப்போனது என்பதற்கான சைகையைச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் எல்லோரையும் வீட்டை வரையச் சொன்னேன். அவள் லயத்தை வரைந்தாள், லோரியை வரைந்தாள், அப்பாவையும் வரைந்தாள். அப்பாவின் சட்டைக் கை முடிகிற இடத்தில் ஒன்றும் இல்லை. கை எங்கே என்று கேட்டேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்து மூன்று சைகைகள் செய்தாள். அப்பா. கை. செத்துப்போச்சு. ஒரு பிழையும் இல்லாமல், நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள்.

அன்று பள்ளி முடிந்ததும் நானும் லோரியில் ஏறிக்கொண்டேன். பனி மறுபடி இறங்கியிருந்தது. சாலையோரத் தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாகத் தெரிந்து ஒவ்வொரு வரிசையாகக் காணாமல் போயின. எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். கியா பார்ம் பக்கமிருந்து வந்த காய்கறி லோரிக்கு வழிவிட ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார். வண்டி நின்ற உடனே, பழக்கத்தில், அவள் தலை அவர் கைகள் பக்கம் திரும்பியது. கைகள் ஸ்டீரிங்கை விட்டு எழும்பவில்லை. இன்னும் இறுகின. அவள் மறுபடி நேராகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, வீட்ல எப்படிப் பேசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பேசறது இல்ல டீச்சர். நீங்கதான வேணான்னு சொன்னீங்க. கை அதுவா எழும்பும் லா. அதான் சாப்பிட்டதும் ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காந்துருவேன்." கியரைப் போட்டு வண்டியை மறுபடி நகர்த்தினார். "நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிறா. கோவம் இல்லன்னு சொல்ல எனக்கு வேற பாஷ தெரியாதே டீச்சர்."

அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் சொன்னது தப்புண்ணே, பழையபடி பேசுங்க என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். டீச்சர் தப்பாகச் சொல்லக்கூடும் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை. "அப்ப புள்ள படிப்பு கெட்டுறாதா?" என்று இரண்டு தடவை கேட்டார். கெடாது, உங்கள் கையைக் கட்டிப்போட்டதால்தான் கெட்டது என்று நானும் இரண்டு தடவை சொன்னேன்.

அவர் ஸ்டீரிங்கிலிருந்து கைகளை எடுத்தார். நெஞ்சுக்கு நேராக மூடினார். விரித்தார். மறுபடி மூடி விரித்தார். வந்துட்டேன்.

அவள் அசையவில்லை. பிறகு ஒரு விரலை நீட்டி அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தொட்டு முடித்ததும் அவள் கைகள் தொடங்கின. இரண்டு மாதப் பேச்சு! என்னால் பின்தொடர முடியவில்லை. அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள், கை டேஷ்போர்டில் இடித்ததைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள். மலையில் கொழுந்து மூட்டைகள் லோரிக்காகக் காத்திருந்தன, கிராணி திட்டப்போகிறார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். வெளியே பனி, உள்ளே கைகள். நான் மூக்கை உறிஞ்சினேன். உடனே அவள் கண்ணைச் சுற்றி விரல்களால் வட்டம் போட்டு மூக்கைப் பிடித்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சங்கடப்பட்டார். அது என்ன என்று கேட்டேன். "அது... டீச்சரோட பேருங்க" என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் பள்ளிக்கு வந்து எங்கள் சைகைகளைக் கற்றுக்கொண்டார். தடித்த விரல்கள், பாதிதான் வந்தது. அதற்குக் கைமாறாக அவர்கள் வீட்டுப் பேச்சையும் மற்றப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சுகளையும் நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வைத்தேன். எங்கள் வகுப்பில் பிள்ளைகளின் வருகையைக் கேட்கும்போது அன்றிலிருந்து இன்றுவரை ஒரே பதில்தான். இரண்டு கைகளையும் மூடி, இரண்டு முறை விரிக்க வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவள் இப்போது திரிங்காப் பூப்பண்ணை ஒன்றின் வேனை ஓட்டுகிறாள். லோரி அண்ணனுக்குச் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது, வாய் குழறிவிட்டது. பார்க்கப் போயிருந்தேன். அக்கம்பக்கத்தார் அவர் காதருகே குனிந்து சத்தமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், பதில்தான் வரவில்லை. என்னைக் கண்டதும் இடக்கை மெதுவாக எழுந்து கண்ணைச் சுற்றி வட்டம் போட்டு மூக்கைப் பிடித்தது. அடுத்து இடுப்பருகே எதையோ உதறியது. மழை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது; நனைந்து வந்தீர்களா என்று கேட்கிறார் என மகள்தான் பள்ளிச் சைகையில் எனக்குச் சொன்னாள். பள்ளியில் படித்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு கைகள் வேண்டிய சைகைகள், அவற்றை அவர் முயலவே இல்லை. லயத்தில் உண்டாக்கிய பேச்சு ஒரு கையிலும் வந்தது. அவர் சொல்வதை விளங்கிக்கொள்ள இந்த உலகத்தில் அவள் ஒருத்தி இருந்தாள். அப்பாவுக்குக் கையில்லாத அந்தப் படத்தை அவள் அன்று வரையாமல் இருந்திருந்தால் என்று நினைத்தேன். நினைக்கவே பயமாக இருந்தது.

இந்த வாரம் ஒரு காலை. கடும் பனி. வகுப்பில் வருகை கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் ஐந்து பிள்ளைகள்தான். திடீரென்று எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். குளிருக்குக் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நானும் பின்னால் போனேன். வெள்ளைக்குள் இரண்டு விளக்குகள் எரிந்து அணைந்தன, மறுபடி எரிந்து அணைந்தன. பூ வேன் வாசலுக்கு வந்து நின்றது. அவள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். பக்கத்தில் கம்பளி போர்த்தி லோரி அண்ணன். வலக்கை மடியில் கிடந்தது. அவர் எங்கள் ஜன்னலைப் பார்த்தார். இடக்கையைச் சிரமப்பட்டுத் தூக்கி மூடினார், விரித்தார். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி மூடி விரித்தார்.

அவர் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனாலும் ஜன்னலில் பத்துச் சிறிய கைகள் மூடி விரிந்தன, மூடி விரிந்தன. நானும் என் கைகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்.