முத்துவடிவு மூடிய கிணறு

தென்காசியில் பத்திர ஆபீஸுக்கு எதிரே முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். டைப் அடித்து வைத்தும் கையெழுத்தாகாமல் கிடந்த பத்திரம் ஒன்றே ஒன்றுதான். இலஞ்சி முத்துவடிவு, அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் தனக்குள்ள பாதியைத் தம்பி சிவசைலத்துக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் அது. எழுதச் சொன்னவன் தம்பி. அக்காளைக் கேட்டாயா என்று நான் கேட்கவில்லை.

முத்துவடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ப் பதினைந்து வருஷம். குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் ஒரு காட்டேஜில் கூட்டிப் பெருக்கப் போனவள், சீசன் முடிந்து பூஞ்சை பிடித்த அறைகளைச் சரிசெய்ய ஆள் பிடிப்பது, அவர்களிடம் வேலை வாங்குவது என்று மேலே வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தே தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று சொல்லிவிடுவாள். அடுத்தவன் சுவரையே எத்தனை நாள் தட்டுவது என்று தென்காசிக்குள் இரண்டு பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்றாள். மூன்றாவதை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், புனலூர் அருகே வாங்கினாள். ஓட்டு வீடு. பழைய வீட்டுக்காரரின் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருந்ததால் பத்து வருஷம் பூட்டிக் கிடந்து, கரையானுக்குச் சொந்தமாகியிருந்தது.

ஓட்டை இறக்கினாள், உளுத்த கட்டைகளை மாற்றினாள், தேக்குக் கதவைச் சுரண்டி எண்ணெய் பூசினாள். அந்த மட்டும் சரி. அப்புறம்தான் நம்ம ஊர் புத்தியைக் காட்டினாள். அடுக்களை வாசலை ஒட்டி ஒரு கிணறு இருந்தது. நம் பக்கத்தில் வீட்டுக் கிணறு என்றால் என்ன? பிளாஸ்டிக் பையும் செத்த எலியும் போடுகிற குழி. குடிக்கிறதுக்குத்தான் குழாயில் தாமிரபரணி வருகிறதே! உடைந்த ஓடும் இடித்த சுவரும் கொட்டிக் கிணற்றை மூடி, மேலே சிமெண்டுக் கல் பதித்து, கார் நிறுத்த இடம் என்று ஆக்கிவிட்டாள். போர் போட்டு மேலே டேங்கும் வைத்தாள். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நானும் பிரமாதம் என்றுதான் சொன்னேன்.

ஒன்பது பேர் வந்து பார்த்தார்கள். கதவைத் தடவிக்கொடுத்தார்கள், தலையாட்டினார்கள். கடைசியில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

“கிணறு எவிடே சேச்சி?”

அவள் காலுக்குக் கீழே காட்டினாள். அதோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குடிக்கிற கிணற்றை மண் போட்டு மூடிய வீட்டில் எவன் குடிவருவான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன பிறகுதான் இவளுக்கு உறைத்தது.

விஷயம் இலஞ்சிக்கு வந்தது. சிவசைலம் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனான். பத்திர விவரம் சொல்வதற்காக என்னையும் அழைத்திருந்தான்.

“யக்கா, ஊரு விட்டு ஊரு போயி கையச் சுட்டுக்கிட்டது போதும். கெடைச்ச வெலைக்குத் தள்ளிட்டு வா. தோப்பை நான் பாத்துக்கிடுதேன், ஒரு கையெழுத்துப் போட்டுரு. ஒனக்கு மூணு வேளைச் சோறு நான் போடுதேன்” என்றான்.

சோறு என்று சொல்லியிருக்கக் கூடாது. முத்துவடிவு எழுந்துவிட்டாள்.

“எனக்குச் சோறு போட நீ யாருலே? ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் பொறு. அன்னைக்கு ஆபீசு பூட்டுததுக்குள்ள அந்த வீட்டை விக்கலன்னா கையெழுத்துப் போடுதேன். வித்துட்டேன்னா, நான் சாகுத வரைக்கும் எங்கிட்ட தோப்புப் பேச்சை எடுக்கப்பிடாது.”

ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால் ஆவணி என்றாள். அது ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. நமக்குச் சாரலாக வருவது அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம். அந்த மழையில்தான் கிணற்றைத் திரும்பத் தோண்டப் போனாள், கடையத்துக் கொத்தனார் அய்யாக்குட்டியையும் நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு.

“யக்கா, மண்ணு சரிஞ்சா ஆளு காலி. மழை விடட்டும்” என்றார் அய்யாக்குட்டி.

“மழை விடுததுக்குள்ள தோப்பு போயிரும். மேல தார்ப்பாய் கட்டுங்க. ஒரு சிமெண்டு உறை எறக்கிட்டு அப்புறம் அடுத்த முழம் தோண்டுங்க. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழப்பிடாது.”

பத்தொன்பது நாள். கூடைக் கயிற்றின் மேல் முனையில் அவளே நின்று இழுத்தாள். “ஒவ்வொரு கூடையும் எம் புத்திகெட்டதனம்தான் அண்ணாச்சி. நான் போட்டதை நானே அள்ளுனேன்” என்று பின்னால் என்னிடம் சொன்னாள். முதலில் சிவப்பாக ஊறிய தண்ணீரை எட்டு முறை இறைத்துக் கொட்டிய பிறகு அடியில் கிடந்த கல் தெரிந்தது.

ஆடிக் கடைசியில் அம்பிகா என்று ஒரு டீச்சர் வந்தார். கதவையும் ஓட்டையும் அவர் பார்க்கவேயில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், வாளியைத் தானே இறக்கி, ஒரு கை அள்ளிக் குடித்தார்.

“கொள்ளாம்” என்றார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விலை அங்கேயே முடிந்தது. ஆனால் நம் ஆடிதான் அவர்களுக்குக் கர்க்கடகம். அவர்களும் பதிய மாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று பதியலாம் என்றார் டீச்சர்.

அதே நாள்!

அன்று காலை பத்து மணிக்கே சிவசைலம் புதுச் சட்டையும் இரண்டு சாட்சிகளுமாக என் கடைக்கு வந்துவிட்டான். மூன்று மணியாயிற்று, நாலாயிற்று. அவள் போன் கிடைக்கவில்லை. மலைப்பாதையில் கிடைக்காது என்று சொன்னேன். வராமல் டபாய்க்கிறாள் என்றான் அவன். எழுதியது நானாக இருந்தும், எட்டி எட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

ஆபீஸ் பூட்ட அரை மணி நேரம் இருக்கும்போது வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். புனலூரில் பதிந்த பத்திரத்தின் நகல்.

“இது மலையாளத்துல இருக்கு. என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றான் தம்பி.

“கீழ தமிழ்ல எங்கையெழுத்து இருக்கு பாரு. அதுகூடவா படிக்கத் தெரியாது?”

“கெணத்தை மூடிட்டு ஊரு சிரிக்க நின்னவதான நீ…”

“மூடுனதும் நான், தோண்டுனதும் நான். நடுவுல ஒனக்கு என்னலே வேலை?”

அவன் கடையை விட்டு இறங்கிப் போனான். சாட்சிகள் தங்கள் டீக்காகப் பின்னாலேயே ஓடினார்கள். முத்துவடிவு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பத்திரம் உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் கெடக்கா அண்ணாச்சி?”

கிடக்கிறது என்றேன். திறந்து காட்டினேன். தன் பெயர் இருந்த வரியை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

“அழிக்கதுக்கு எந்த பட்டன்?”

காட்டினேன். அழுத்தினாள். நிச்சயமாக அழிக்கவா என்று திரையில் இங்கிலீஷில் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன்.

“இந்த மிஷினுகூட ஒரு வார்த்தை கேக்கு பாத்தீங்களா. நீங்க கேக்கலை” என்றபடி இன்னொரு தடவை அழுத்தினாள்.