கேட்டைப் பூட்டிய பிறகு நடந்த பயிற்சி

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில ஆண்டுகள் துபாயில் ஒரு கால்பந்து கிளப்பின் பஸ்ஸை ஓட்டினேன். எனக்குக் குமரிக் கடற்கரை. ஊர் அணியில் நான் ஸ்டாப்பர், பின்களத்தின் நடுவில் நிற்பவன். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோலைத் தடுத்தவன் பின்னால் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு நடப்பான். அதனால் ஸ்பெயினிலிருந்து ஒரு பின்கள ஆட்டக்காரர் வருகிறார் என்றதும், கிளப்பில் எல்லோரையும்விட நான்தான் சந்தோஷப்பட்டேன்.

வந்தவரைப் பார்த்ததும் மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். காதோரம் நரை, முழங்காலில் கட்டு. முதீர் என்று நாங்கள் கூப்பிடும் மேனேஜர், "கோல் அடிக்கிறவனைக் கேட்டேன், கிழவனை அனுப்பியிருக்கிறார்கள்" என்று அவர் எதிரிலேயே அரபியில் சொன்னார். ஸ்பெயின்காரருக்கு அரபி தெரியாது. ஆனால் எல்லோரும் சிரித்தது புரிந்தது. அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

பாதி சீசனில் அந்த முழங்கால் போயிற்று. டாக்டர் இனி ஆடக்கூடாது என்றார். முதீர் "கலாஸ், முடிந்தது" என்று கையைத் தட்டிவிட்டு விமான டிக்கெட்டை நீட்டினார். ஸ்பெயின்காரர் வாங்கவில்லை.

"சீசன் முடியும்வரை ஒப்பந்தம் இருக்கிறது. கால்தான் ஓடாது. பயிற்சி கொடுக்க ஒரு அணியைக் கொடுங்கள்."

தொல்லை தீர்ந்தால் போதும் என்று ரிசர்வ் அணியைக் கொடுத்தார்கள். அந்த அணியின் ஆட்டத்தை அதுவரை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் நாள் என்னிடம் வந்து கயிறு கேட்டார். பஸ் பழுதானால் கட்டி இழுக்கும் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். நான்கு பின்கள ஆட்டக்காரர்களின் இடுப்பையும் அதில் வரிசையாகக் கட்டி, பந்தே இல்லாமல் இடமும் வலமும் ஓடவிட்டார். ஒருவன் பிந்தினால் நால்வரும் விழுந்தார்கள். கிளப் முழுக்கச் சிரித்தது. சில வாரங்களில் கயிற்றை அவிழ்த்தார். நால்வரும் அப்போதும் சேர்ந்தே ஓடினார்கள். ரிசர்வ் அணிகளுக்கான கோப்பையில் எங்கள் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது.

அரையிறுதியில் பாதி ஆட்டம் முடிந்தபோது ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஏமனிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், நெட்டையான ஸ்டாப்பர், வழுக்கி விழுந்ததில் போன கோல். நான் ஐஸ் பெட்டியோடு உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தபோது முதீர் அங்கே நின்று அவரிடம் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"இவனை வெளியே எடு. டைரக்டரின் மருமகனை இறக்கு."

"மாட்டேன்."

"இது யாருடைய கிளப் தெரியுமா?"

"கிளப் உங்களுடையது. இந்த அறை என்னுடையது. கதவு உங்களுக்குப் பின்னால் இருக்கிறது."

இரண்டாம் பாதியில் அந்த ஸ்டாப்பரைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. நாங்கள் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தோம், பெனால்டியில் தோற்றோம். மறுநாள் காலை ஸ்பெயின்காரரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அன்று மாலை வழக்கம்போல ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு போனேன். மைதானத்தின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார், பயிற்சி உடையில், தோளில் பையோடு. முதீர் பஸ் ஜன்னலைத் தட்டினார்.

"எல்லாரையும் வீட்டில் விடு. யல்லா, கிளம்பு."

ஸ்பெயின்காரர் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் நின்றார். "நண்பா, சமமான தரை எங்காவது உண்டா?"

இருந்தது. அல் குசைஸில் கிடங்குகளுக்குப் பின்னால் வெறும் மணல்வெளி. தொழிலாளர் கேம்பில் தங்கும் நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் ஆடும் இடம். ஜெர்சி துவைக்கும் காயல்பட்டினத்துக்காரரை அண்ணன் முறையில் காக்கா என்போம். அவர் படியில் ஏறி என் காதருகே வந்தார்.

"வேணாம் தம்பி. ஒனக்குப் புள்ளகுட்டி இரிக்கி. விசாவ கேன்சல் பண்ணிருவான்."

"பண்ணட்டு காக்கா. பந்த எடுத்துப் போடுங்க."

காக்கா என்னை முறைத்தார். பிறகு இறங்கிப் போய், பந்து மூட்டையைத் தூக்கிவந்து பின் சீட்டில் போட்டுவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

முதீர் கத்தினார், "வீட்டுக்குத்தான் போகணும்!"

"வீட்டுக்குத்தான் முதீர். கொஞ்சம் சுத்துவழி" என்று இந்தியில் சொல்லிவிட்டுக் கியரைப் போட்டேன்.

மணலில் பயிற்சி நடந்தது. டூட்டி முடிந்து வந்த கேம்ப் ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவர் அவர்களையும் உள்ளே இழுத்து முன்களத்தில் நிறுத்தினார். என்னைப் பின்வரிசையில் தள்ளினார். ஒரு தரம் நான் இடம் பிசகியபோது ஸ்பானிஷில் ஏதோ திட்டினார். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரனைத் திட்டுவதுபோலவே திட்டினார். பல வருஷங்களுக்குப் பிறகு அன்றுதான் நான் ஸ்டாப்பராக நின்றேன்.

மறுநாள் பஸ் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டால் திருப்பித் தருவதாக முதீர் சொன்னார். "மாஃபி, கிடையாது" என்றேன். எனக்கு விசா கொடுத்த கஃபீலுக்கு வேறு கம்பெனிகளும் இருந்ததால் விசா தப்பியது. தண்ணீர் லாரி ஓட்டப் போட்டார்கள்.

கிளப் கொடுத்த அறையைக் காலி செய்யச் சொன்ன பிறகும் ஸ்பெயின்காரர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு நண்பரின் வீட்டில் தங்கி, சீசன் முடியும்வரை மணலில் பயிற்சி கொடுத்தார். ஆட்டக்காரர்கள் டாக்ஸியில் வந்தார்கள். பிறகு குவைத்தில் ஓர் அணி அவரைக் கோச்சாக அழைத்துக்கொண்டது. அடுத்த சீசனில் அந்த நெட்டை ஸ்டாப்பரை முதீரே முதல் அணியில் சேர்த்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை.

என் லாரி தண்ணீர் விட வேண்டிய இடங்களில் அந்தக் கிளப்பின் புல்தரையும் ஒன்று. முதீர் பெரும்பாலும் கேட்டருகே போன் பேசிக்கொண்டு நிற்பார். லாரியின் ஹாரன் பெரிது. உள்ளே திரும்பும்போது ஒவ்வொரு தரமும் முழுசாக அழுத்திவிட்டுத்தான் போவேன்.