சீட்டு கலைக்கும் மிஷின் வாங்கிய வருஷம்

திருத்தணியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஒரே தெருவாசல், இரண்டு போர்ஷன்; பின் போர்ஷனுக்குப் பக்கவாட்டுச் சந்து வழியாகவும் போகலாம். முன்னால் நானும் என் கணவரும். பின்னால் என் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பாவாவின் அண்ணன்மார்களுக்குப் பள்ளிப்பட்டில் தறி இருந்தது. அவர்கள் நெய்யும் லுங்கிகளைப் பாவா கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். என் கணவர் அரக்கோணத்தில் ரயில்வே பார்சல் ஆபீஸ் கிளார்க். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். எங்கள் இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் இல்லை. எண்பதுகளின் ஆரம்பம் அது.

சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் ரயிலிலிருந்து வந்து குளித்து முடித்ததும் எங்கள் கூடத்தில் பாயை விரிப்போம். இரண்டு கட்டுச் சீட்டு, நாலு பேர், ரம்மி. காசு கிடையாது, புளியங்கொட்டைதான். அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து பேசுகிற நேரம். கல்யாணமான புதிதில் அவர் வெறும் ஜாக்கிரதையான மனிதர். போகப்போக அது வேறு ஏதோவாக ஆனது. பால்காரன் நம்ம செம்பை மட்டும் தனியாக வைக்கிறான் என்பார். ஆபீசில் தன் சாப்பாட்டு டப்பாவை யாரோ திறந்து பார்த்து மூடுகிறார்கள் என்பார். நான் பள்ளியிலிருந்து எந்தத் தெரு வழியாக வந்தேன் என்று கேட்பார். மறுநாளும் அதையே கேட்டு, இரண்டு பதிலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பாயில் உட்கார்ந்துவிட்டால் இதெல்லாம் இருக்காது. சிரிப்பார். "இறக்குங்க சகலை, இன்னா கோட்டையா கட்டிகினு இருக்கீங்க" என்று பாவாவைக் கிண்டல் செய்வார். அந்த ஆள்தான் என்னைக் கட்டிக்கொண்டவர் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை பாவா அடுத்தடுத்து மூன்று ஆட்டம் ஜெயித்தார். நாலாவது ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கும்போது என் கணவர் சொன்னார்:

"சகலை, கொஞ்சம் கீழ வச்சி கலைங்க. எனக்குத் தெரியறாப்ல."

பாவா தமாஷ் என்று நினைத்துப் பாயில் வைத்துக் கலைத்தார்.

"அடியில இருக்குற சீட்டு நகரவே இல்ல. நான் பாத்துகினுதான் இருக்கேன்."

பாவா கட்டை அப்படியே அவர் பக்கம் தள்ளிவிட்டார். "அப்ப நீங்களே கலைங்க சகலை" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பாவா கட்டைத் தொடவில்லை. அடுத்த வாரம் நான் கலைத்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்து இரண்டு சீட்டு நழுவி மல்லாந்தது. "யாருக்குக் காட்டுற?" என்றார். அதற்கடுத்த வாரம் கட்டு பாயின் நடுவே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அவரே எடுத்துக் கலைத்து, அவரே போட்டு, அவரே தோற்றார். அக்கா கட்டை வெட்டிய விதத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எங்கள் பள்ளியில் கூட வேலை செய்த டீச்சர் ஒருவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஒரு மிஷின் கொண்டுவந்திருந்தான். சீட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் வைத்தால் அதுவே கலைத்து நடுவில் தள்ளிவிடும். பர்மா பஜாரில் கிடைக்கும் என்றார் அந்த டீச்சர். அன்று ராத்திரி எனக்கு வேறு நினைப்பே இல்லை. கலைக்கிற கை இல்லையென்றால் சந்தேகப்பட ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

அக்காவிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சீட்டு கலைக்கவா மிஷினு?"

"ஆங்."

"அவருக்கு இருக்குறது சீட்டுல இல்லடி."

"தெரியும். வேற இன்னா பண்ண சொல்ற?"

அவள் முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள். பள்ளி விடுமுறை நாளில் பட்டணத்துக்குக் கூட வருகிறேன் என்றாள்.

காலை ரயிலில் பட்டணம் போனோம். எங்கள் சீட்டுக்கட்டு இரண்டையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். பஜாரில் டேப் ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் குடையும் நிறைந்திருந்த ஒரு கடையில் மூன்று மிஷின்கள் இருந்தன. ஒன்று இரும்பு, பக்கவாட்டில் கைப்பிடி வைத்துச் சுற்றுவது. ஒன்று கறுப்புப் பெட்டி. பேட்டரி கட்டை போட்டால் ஓடும். மூன்றாவதும் பேட்டரிதான், ஆனால் மூடியும் பக்கங்களும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே ரப்பர் சக்கரங்கள் தெரிந்தன.

நான் எங்கள் சீட்டைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். கையில் புழங்கிப் புழங்கித் துணி மாதிரி ஆகியிருந்த சீட்டு. பாதியில் சிக்கி ஒரு ராணியின் மூலை கிழிந்தது. "இந்தக் காயிதச் சீட்டுலாம் ஓடாதும்மா, பிளாஸ்டிக் சீட்டு போடணும்" என்று கடைக்காரர் வேறு கட்டு எடுத்தார். அது தண்ணீர் மாதிரி ஓடியது.

அக்காவுக்கு இரும்பு மிஷின் பிடித்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதான் கெட்டி. பேட்டரியும் வேணாம், ரிப்பேரும் ஆவாது."

"யாரு சுத்துறது?" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு கைப்பிடியை விட்டுவிட்டாள்.

கடைக்காரர் கறுப்புப் பெட்டியை நகர்த்தி வைத்தார். "இத எடுத்துக்குங்க. சத்தமே வராது. எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

"உள்ள தெரியுதே, அது?"

"அது கடகடன்னு கத்தும்மா. விலையும் ஜாஸ்தி. உள்ள பாத்து இன்னா பண்ணப் போறீங்க?"

 அக்காதான் சொன்னாள். "வீட்ல ஒருத்தருக்கு உள்ள பாக்கணும்."

"கொழந்தைக்கா?"

"ஆங். கொழந்தைக்குத்தான்."

கண்ணாடி மூடி வைத்ததையே வாங்கினோம். கூடவே பிளாஸ்டிக் சீட்டும். ரயிலில் திரும்பி வந்தோம். திருவள்ளூர் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"உன்ன அடிக்கிறாரா?"

"இல்ல."

"மெய்யா?"

"மெய்யாத்தான். கை நீட்டினதே இல்ல."

"அப்ப இன்னாதான் பண்றாரு?"

சொன்னேன். வந்ததும் என் பள்ளிப் பையை முகர்ந்து பார்ப்பதை, என் புடவை மடிப்பை எண்ணி வைப்பதை, நான் தூங்கியதும் எழுந்து ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்ப்பதை. சொல்லும்போது எல்லாமே சின்ன விஷயமாகத் தெரிந்தது. அடித்திருந்தால் சொல்வதற்கு ஒரு வார்த்தை இருந்திருக்கும். திருவாலங்காடு ஸ்டேஷனில் வண்டி நின்றது. அக்கா ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரியைப் பார்த்தபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அரக்கோணம் வந்ததும் விட்டாள். அங்கே அவர் இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை அவர் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேட்டரியை அவரே போட்டார். சீட்டை அவரே பிரித்து வைத்தார். பித்தானை அழுத்தியதும் கடகடவென்று சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. குனிந்து, மூடிக்கு அருகே கண்ணை வைத்துக் கடைசிச் சீட்டு விழும்வரை பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"நல்லாத்தான் கலைக்குது" என்றார்.

பாவா, "இன்னிக்குத்தான் சகலை நான் நிம்மதியா சீட்டு எடுக்கப் போறேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சில வாரங்கள் அப்படியே போயின. எனக்கு ஆசை வந்தது. சனிக்கிழமை மட்டுமல்ல, செவ்வாய், புதன்கூட அவர் வழி கேட்பதை மறந்துவிடுகிறார் என்று தோன்றியது. ஒரு நாள் நான் செய்த வத்தக்குழம்பை நன்றாயிருக்கிறது என்றார். அதை ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

பிறகு அவர் ஜெயிக்க ஆரம்பித்தார். ஒரு வாரம் எல்லா ஆட்டமும். அடுத்த வாரமும் அப்படித்தான். புளியங்கொட்டை அவர் முன்னால் குவிந்தது. மூன்றாவது வாரம், ஜெயித்த ஆட்டத்தின் நடுவிலேயே அவர் சிரிப்பு நின்றது. சீட்டை இறக்கி வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"மிஷினு ஒழுங்கா கலைக்குது. அப்ப எனக்கு மட்டும் எப்படி வருது?"

"அதிர்ஷ்டம்தான் தம்பி" என்றாள் அக்கா.

அவர் கையை நீட்டிப் பாவா கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளை எடுத்தார். பாவா தடுக்கப் போனார், தாமதமாகிவிட்டது. அவர் அவற்றை விரித்துப் பாயில் ஒவ்வொன்றாக வைத்தார். இஸ்பேடில் வரிசையாக நாலு. ஆட்டினில் மூன்று. மூன்று ஏழு. ஜோக்கரைச் சேர்த்து மூன்று ராஜா. பதிமூன்று சீட்டும் சேர்ந்திருந்தன. அந்த ஆட்டம் பாவாவுடையது. எப்போதோ முடிந்துவிட்டது. பாவா முடிக்காமல், எடுத்த சீட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது இன்னா சகலை?"

பாவா பாயிலிருந்த சீட்டைக் கூட்டி அடுக்கினார்.

"எத்தினி வாரமா நடக்குது இது? மூணு பேரும் பேசி வச்சிகினு பண்றீங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். உண்மை அதுதான். ஆனால் அந்தக் கூடத்தில் உண்மைக்கு இடமில்லாமல் போயிருந்தது. அத்தனை வருஷமும் அவர் இல்லாததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். அன்று அவர் பார்த்தது மெய்யாகவே இருந்தது. அதற்குப் பிறகு பால்காரன், ஆபீஸ்காரர்கள், நான், எல்லோரையும் பற்றி அவர் நினைத்ததெல்லாம் சரி என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை பாவா கிணற்றடியில் என்னிடம் வந்து நின்றார். "தப்பு பண்ணிட்டேம்மா. சகலை ஜெயிச்சா அவருக்கு மனசு லேசாவும்னு பாத்தேன்."

"உங்க மேல தப்பு இல்ல பாவா."

"எனக்கு வேற ஒண்ணும் தோணல."

எனக்கும்தான் வேறொன்றும் தோன்றியிருக்கவில்லை. நான் மிஷின் வாங்கினேன், பாவா வேண்டுமென்றே தோற்றார். இரண்டும் ஒன்றுதான்.

அந்த வாரமே என் கணவர் இரண்டு போர்ஷனுக்கும் நடுவே இருந்த கதவில் பலகை வைத்து ஆணி அடித்தார். அக்கா அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு அடியையும் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னாள். மிஷினை ஸ்க்ரூடிரைவரால் கழற்றிச் செய்தித்தாள் மேல் பரப்பி வைத்தார். ரப்பர் சக்கரம், கம்பிச் சுருள், சின்னச் சின்ன ஆணிகள். எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை. அது திரும்பச் சேரவே இல்லை. கூட்டிப் பெருக்கும்போது அந்தச் சக்கரங்களில் ஒன்றை நானே குப்பையோடு வாரிக்கொட்டினேன்.

அக்காவும் பாவாவும் பள்ளிப்பட்டுக்கே குடிபோனார்கள். பாவா தினமும் பஸ்ஸில் வந்து கடை திறந்தார். கடை என் பள்ளிக்குப் போகும் வழியில்தான். ஆனால் நான் வேறு தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். கேட்கும்போது பொய் சொல்லாமல் இருக்கலாமே என்றுதான். என் கணவரைப் பட்டணத்தில் டாக்டரிடம் ஒரு தடவை கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார். அவர் ஒவ்வொரு மாத்திரையையும் உடைத்து உள்ளே பார்த்தார். நான் சோற்றில் பொடித்துப் போட்டேன். கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு அவரே சமைத்துச் சாப்பிட ஆரம்பித்தார், கதவைச் சாத்திக்கொண்டு.

ஒரு ஆடிக் கிருத்திகையன்று அக்கா வந்தாள். ஊர் முழுக்கக் காவடிக் கூட்டம். கூட்டத்தில் தெரியாது என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவளைப் பார்த்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பத்துக்கு நடுவே சிமென்ட் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். அவள் எனக்குக் கொஞ்சம் போளி கொண்டுவந்திருந்தாள்.

"எங்கூட வந்துடு. பாவாதான் சொல்லி அனுப்பினாரு."

"எங்க வீட்டுக்காரர இன்னா பண்றது?"

"அவரு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போவட்டும்."

"அவங்க சேக்க மாட்டாங்க அக்கா. நானும் வந்துட்டா, அவரு சொன்னதெல்லாம் மெய்யின்னு ஆயிடும்."

"இப்ப மட்டும் இன்னா ஆயிருக்குது?"

 போளியைப் பாதிப் பாதியாகத் தின்றோம். அவள் பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலில் முகம் தெரிவதற்குள் பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"யாரப் பாக்கப் போன?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "அக்கா வந்திருந்தா. பஸ் ஸ்டாண்டுல."

அவர் என் கையை, உதட்டை, புடவைத் தலைப்பை எல்லாம் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அக்கா வரல" என்றார். "பள்ளிப்பட்டு பஸ்ஸ நான் பாத்தேன். அதுல அவங்க இல்ல."

நான் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டேன். அவர் பின்னாலேயே வந்து ஜன்னல் கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.