ஏழாம் எக்காளமும் இரவல் சாட்சியும்

ரெஜிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. டீயைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பான். ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது இவன் கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பிறந்தது ராயபுரம். வேலை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில். எந்தப் பெட்டி நசுங்கியிருக்கிறது, எதில் ஓட்டை என்று பார்த்து எழுதுவது. முப்பத்தொரு வயதுவரை குடிக்காமல், புகைக்காமல், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மட்டம் போடாமல் வளர்ந்த பிள்ளை. மேடையில் கேட்கிற அந்தக் கர்ஜனை இவன் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்றால் யார் நம்புவார்கள்!

அவனும் தீனாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த பாட்டுக் குழுதான் 'ஏழாம் எக்காளம்'. மெட்ராஸ் பாஷையில் மூச்சுவிடாமல் ராப், நடுவில் ரெகேயின் சாவகாசமான ஆட்டம், அப்புறம் இடி விழுந்த மாதிரி மெட்டல் கிடார். பாட்டு முழுக்க இயேசுதான். டிரம்ஸ் வாசிக்கிற தீனா வியாசர்பாடிக்காரன், சாவு ஊர்வலத்தில் சட்டி மேளம் அடித்துப் பழகிய கை. அந்த அடியை அவன் மெட்டலுக்கு நடுவில் கொண்டுவந்து போட்டால் சபைப் பெரியவர்களுக்கும் தோள் குலுங்கும். குலுங்கிவிட்டதே என்றுதான் அவர்களுக்கு இன்னும் கோபம் வரும்.

அந்தக் கோபத்துக்கு மருந்து சாட்சி. பாடுவதற்கு முன்னால், நான் இப்படிக் கெட்டுக் கிடந்தேன், கர்த்தர் என்னை இப்படித் தூக்கிவிட்டார் என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் எவ்வளவு சத்தம் போட்டாலும் பொறுத்துக்கொள்வார்கள். அதிலும் வடசென்னைப் பையன்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கத்தி, கஞ்சா, ஜெயில் என்று ஏதாவது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ரெஜியிடம் என்ன இருக்கிறது? பத்தாவதில் கணக்கில் ஃபெயிலானதுதான் அவன் செய்த பெரிய பாவம்.

தீனாவிடம் இருந்தது. போதை மாத்திரைக்கு அடிமையாகக் கிடந்த நாளில், தூங்கிக்கொண்டிருந்த அம்மா கோவிந்தம்மாவின் காதிலிருந்து கம்மலைப் பிடித்து இழுத்தவன் அவன். காது கிழிந்து ரத்தம் கொட்ட, கம்மலோடு ஓடிப்போனான். பிறகு திருந்தினான், ஞானஸ்நானம் வாங்கினான், அம்மா காலில் விழுந்தான். அதெல்லாம் பழைய கதை.

போன வருடம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் தீனா சாட்சி சொல்வதாக ஏற்பாடு. மைக்கைப் பிடித்தவன் வாயே திறக்கவில்லை. கூட்டம் பார்க்கிறது, போதகர் இருமுகிறார், தீனாவின் சட்டை தொப்பலாக நனைந்துபோயிற்று. ரெஜி பாய்ந்து மைக்கை வாங்கினான். நண்பனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல், அத்தனையும் தனக்கு நடந்ததாகவே சொன்னான். காப்பாற்றத்தான் சொன்னான், சத்தியமாக. ஆனால் கூட்டம் அழுதது. ஒரு பெரியம்மா ஓடிவந்து அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளதைச் சொன்னால், ரெஜிக்கு அது பிடித்திருந்தது.

அதோடு சேர்த்துப் பதினோரு மேடை. பதினோரு மேடையிலும் அதே சாட்சி. பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்து தீனா கேட்டுக்கொண்டிருப்பான். இறங்கியதும், "டீ சாப்டலாமா மாமு?" என்பான். அவ்வளவுதான். திட்டித் தொலைத்திருந்தால் ரெஜி நிம்மதியாக இருந்திருப்பான். தீனா மனசில் என்ன வைத்திருக்கிறான், என்றைக்கு எழுந்து போய்விடுவான் என்று நினைத்து நினைத்தே இவனுக்குச் சோறு இறங்கவில்லை. குழு போனால் போகட்டும், பதினைந்து வருட தோஸ்து போய்விட்டால்?

போன சனிக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூரில் மேடை. "நம்ம ஏரியா பிள்ளை, பயங்கரமான சாட்சி!" என்று போதகர் அறிவித்துவிட்டார். ரெஜி மைக்கோடு கீழே பார்த்தால், முதல் வரிசையில் அவன் அம்மா பிலோமினா, இரண்டு காதும் முழுசாக, கம்மல் மின்ன உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில், அவள் கையோடு கூட்டிவந்த கோவிந்தம்மா. 'புள்ள ஒயுங்கா கீறான், சாமி எதுவா இருந்தா இன்னா' என்று சொல்கிற மனுஷி, மகன் வாசிப்பதை முதல் தடவையாகப் பார்க்க வந்திருக்கிறாள்.

ரெஜிக்கு பேஜாராகிவிட்டது. மனசாட்சி உறுத்தியது என்று சொல்ல ஆசைதான். பெற்றவளின் காது உறுத்தியது என்பதுதான் நிஜம்.

"இத்தினி நாளா நான் சொன்னது பொய்," என்றான் மைக்கில். "அது என் கத இல்ல, என் தோஸ்து தீனாவோட கத. கம்மல இழுத்தது அவன். காது கிழிஞ்சது, இதோ உக்காந்துகினு கீறாங்களே, இவங்களுக்கு. கர்த்தரே, என்ன மன்னிச்சிடு!"

அடேயப்பா, அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்! பொய்ச் சாட்சிக்கு அழுததைவிட இரண்டு மடங்கு அழுதது. போதகர் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரெஜிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அப்புறம்தான் கவனித்தான். இருநூறு தலை திரும்பி கோவிந்தம்மாவின் காதைத் தேடிக்கொண்டிருந்தது. ஒருத்தி எழுந்து எட்டிப் பார்த்தாள். இன்னொருத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். கோவிந்தம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள்.

பின்னால் தீனா குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். நாலு பாட்டையும் ஓர் அடி பிசகாமல் வாசித்து முடித்தான்.

ரெஜி மேடைக்குப் பின்னால் ஓடியபோது தீனா டிரம்ஸிலிருந்து சிம்பல் தட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"எதுனா சொல்லுடா. திட்டு. ரெண்டு அறை வுடு."

"நீ உன் கதயா சொல்லிக்கினு இருந்தப்ப எனுக்கு நல்லா இருந்துச்சி மாமு," என்றான் தீனா. "பதினோரு தபா கேட்டேன். பதினோரு தபாவும் எங்கம்மா காது கிழியல."

"அதான் மன்னிப்பு கேட்டேனேடா, அத்தினி பேர் முன்னாடி."

"யார்ட்ட கேட்ட?"

"கர்த்தர்ட்ட."

"அவரு காதாடா கிழிஞ்சுது?"

தீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பந்தல் ஓரத்தில் தலை மூடி நின்ற அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான். ரெஜி பின்னாலேயே ஓடி கோவிந்தம்மாவுக்கு எதிரே போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள், காத்திருந்தாள். அத்தனை மேடையில் பேசிய வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.