சௌனாவில் வைத்த கம்ப்யூட்டர்

என் தங்கை ஹெல்வியின் கணவன் ஒஸ்மோ கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவன். அந்த ஜூலையில் பின்லாந்தின் தம்பெரெ நகரமே வெந்துகொண்டிருந்தது. வெட்டியதையெல்லாம் ஒரே படமாக்கும் ரெண்டரிங் பாதியைத் தாண்டினாலே பிராசசர் கொதித்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். தூசி தட்டினான், மூடியைக் கழற்றி மேசை விசிறியை வைத்தான். சனியன் கேட்கவில்லை. கடைசியில், ஜன்னலே இல்லாத சௌனா என்ற வெந்நீராவிக் குளியல் அறைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு போனான். அடுப்பு போடாதபோது வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். ரெண்டரிங் சீராக ஓடியது. அவன் சோபாவில் விழுந்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டான்.

அன்று சனிக்கிழமை, வாராவாரம் சௌனாவில் குளிக்கும் நாள். வேலை முடிந்து வந்த ஹெல்வி வழக்கம்போல் அறைக்கு வெளியே சுவரில் இருந்த சௌனா அடுப்பு சுவிட்சைப் போட்டாள். குளிக்கத் துண்டோடு கதவைத் திறந்தால், உள்ளே கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

“எண்பது டிகிரிக்கே செத்துப்போச்சா? எங்கப்பா இந்த வயசுலயும் அதுல உக்காந்து பீர் குடிக்கிறாரு!”

ஒஸ்மோ எழுந்து வந்தான். அதை வெளியே வைத்தான், சட்டையைக் கழற்றினான், உள்ளே போய் உட்கார்ந்தான்.

“வீடியோ கேட்டு அந்தக் கல்யாணப் பொண்ணு மறுபடி ஃபோன் பண்ணா என்ன சொல்ல?”

“அவ விவாகரத்துக்கு முன்னாடி குடுத்துடுவேன்னு சொல்லு. கதவச் சாத்து, சூடு வெளிய போகுது.”